கேன் ஏன் நிரம்பியபடியே திரும்பியது? மரக்காணம் உப்பளத்தில் இரண்டு நாள்

கல்லூரிப் பிள்ளைகளைச் சேவைக்கு எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டு எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. முதியோர் இல்லம், மரக்கன்று, கடற்கரையில் குப்பை பொறுக்குவது என்று நானும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவை அந்தப் பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். கோபத்தில் எழுதுகிறேன். ஊர் திரும்பியும் ஆறவில்லை.

போன காரணம் ஆயிஷா. மரக்காணத்துப் பெண், திண்டிவனத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இந்த வலைப்பதிவின் பழைய வாசகி. ரமலான் மாதத்துச் சனி ஞாயிறுகளில் தோழர்களோடு உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறோம், நீங்கள் வந்து எழுதினால் இன்னும் நாலு பேர் சேருவார்கள் என்று எழுதியிருந்தாள். நோன்பு வைத்த பிள்ளைகள் அடுத்தவருக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள் என்றால் போகாமல் இருக்க முடியுமா? மார்ச் முதல் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேர் பேருந்து உண்டு. நான் ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெருமுக்கல் மலைக்கோயிலைப் பார்த்தபடி போகலாம், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வெயிலுக்குப் பயந்து ஒரு லிட்டர் தண்ணீரையும் பஸ்ஸிலேயே குடித்து முடித்தேன். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் ஆயிஷாவும் கார்த்திக்கும் காத்திருந்தார்கள். கார்த்திக் அவளுடைய வகுப்புத் தோழன், பக்கத்து ஊரான அனுமந்தையில் மீனவர் வீட்டுப் பையன். அண்ணனுடைய மீன் வண்டியைக் கழுவித் தண்ணீர்க் கேன்களை அடுக்கியிருந்தான். எத்தனை முறை கழுவினானோ, வாடை போகவில்லை. அவனுக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் ஆயிஷாவை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உனக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "ஆடி மாசம் தெருவுக்கே கூழ் ஊத்தற வூட்டுப் புள்ளைங்க. தண்ணி தூக்கறது ஒரு பெரிய விஷயமாக்கா?" என்றான்.

ஆயிஷாவிடம் இது எப்படித் தொடங்கியது என்று கேட்டேன்.

"மொத நோன்பு அன்னிக்கு பஸ்ல வந்துனு இருந்தேன்கா. நாக்கு ஒட்டிக்கிச்சு. ஜன்னல்ல உப்பளம் தெரிஞ்சுது. எனக்கு சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்னா தண்ணி வந்துடும், அவங்களுக்கு யார் பாங்கு சொல்லுவாங்கன்னு தோணுச்சு. அவ்ளோதான்."

உப்பளத்தைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. வெள்ளைக் குவியல், நீல வானம் படமெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, போதும். நேரில் போனால் கண் கூசும், அரை மணி நேரத்தில் உதட்டில் உப்புக் கரிக்கும். அந்த வெயிலில் பெண்கள் பாத்தியிலிருந்து ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரை மேட்டில் கொட்டுகிறார்கள். விடியுமுன் வந்தால் மதியம் தாண்டித்தான் வீடு.

ஆயிஷாவின் தோழிகளும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். ஆண்கள் வாங்கி மடமடவென்று குடித்தார்கள். பெண்கள் உதட்டை நனைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். நோன்புப் பிள்ளைங்க முன்னாடி எப்படிக் குடிக்கிறது, பாவம் இல்லையா என்றார்கள். அதைக் கேட்டதும் ஆயிஷாவும் அவள் தோழிகளும் திரும்பி நின்றுகொண்டார்கள், இவர்கள் கூச்சமில்லாமல் குடிக்கட்டும் என்று. வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நோன்புப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியும் பெரும்பாலான கேன்கள் நிரம்பியபடியேதான் இருந்தன. ஒவ்வொரு வாரமும் இதே கதைதான், நாங்கள் வருவதே தொந்தரவோ என்று ஆயிஷாவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாமா என்று என்னிடமே கேட்டாள்.

இப்போது என் ஒரு லிட்டர் தண்ணீர் வேலையைக் காட்டியது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பாத்தி. ஒரு புதர் இல்லை, ஒரு சுவர் இல்லை. உப்புநீர் இறைக்கிற மோட்டார் ஷெட் ஒன்று, அதற்கும் பூட்டு. கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த செல்வி என்ற பெண்ணிடம் போய், எங்கே போவீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

செல்வி சிரித்தாள். "எங்கயும் போ மாட்டோம்."

"அப்புறம்?"

"குடிச்சாத்தானே போவணும்?"

நோன்பு, பாவம் என்றதெல்லாம் சும்மா. வெயிலில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளிடம், எங்களுக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் உங்கள் தண்ணீர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு மரியாதைக்காகச் சொன்ன காரணம் அது. செல்விக்கு ஏற்கெனவே ஒரு முறை சிறுநீரகக் கல் வந்து துடித்திருக்கிறாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் வேலை, மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அத்தனை வருஷமும் வெயிலில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வேலை செய்திருக்கிறாள்.

நான் கார்த்திக்கின் மீன் வண்டியில் ஏறிப் பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன், ஐந்து ரூபாய். செல்விக்கு அந்த வண்டி கிடையாது. திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா? மோட்டாருக்குக் கூரை போடத் தெரிந்திருக்கிறதே. மழை படாமல் உப்புக்கு மேல் ஓலை மூடத் தெரிந்திருக்கிறதே.

ஆயிஷாவிடம் சொன்னேன். அவள் சாயங்காலம் நோன்பு திறந்ததும் நேரே பள்ளிவாசலுக்குப் போனாள். பெண்கள் தொழுகிற பக்கம் கட்டுகிற திரை புதிதாக வாங்கியிருந்தார்கள், பழைய பச்சைத் திரை மடித்துக் கிடந்தது. அதைக் கேட்டாள். நிர்வாகத்தில் இருந்த பெரியவர் தயங்கினார். பள்ளிவாசல் துணியைப் போய் அந்த மாதிரி இடத்தில் கட்டுவதா என்றார்.

"பொம்பளைங்களை மறைக்கத்தானே பெரியத்தா இதை வாங்கினீங்க? அங்க இருக்கறதும் பொம்பளைங்கதான்" என்றாள் ஆயிஷா.

அவர் உள்ளே போய்த் திரையை எடுத்து வந்து, கூடவே ஒரு கயிற்றையும் கொடுத்தார்.

ஞாயிறு காலை கார்த்திக் கடப்பாரையும் உடைந்த படகின் இரண்டு பலகைகளும் கொண்டு வந்தான். மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் மேட்டில் குழி தோண்டிப் பலகை போட்டான். நாலு கம்பு நட்டுத் திரையைக் கட்டும்போது உப்பள வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி வந்துவிட்டார்.

"இங்க எதையும் நிரந்தரமா கட்டக் கூடாதும்மா. இன்னிக்கு மறைப்பும்பாங்க, நாளைக்கு கக்கூஸ் கேப்பாங்க."

கேட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் வாயைத் திறந்தேன். ஆயிஷா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நிரந்தரம் இல்லீங்க. வேலை முடிஞ்சதும் கழட்டிடறோம்."

தினமும் யார் வந்து கழற்றுவது, நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள்தானே வருகிறீர்கள் என்று மடக்கினார் அவர். செல்வி கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் கட்டி நான் கழட்டறேன். ஊட்டுக்கு எடுத்துனு போயி எடுத்துனு வரேன். துணியும் கம்பும் உங்களுக்கு என்னா பாரம்?"

மற்ற பெண்களும் கூடையை இறக்கிவிட்டார்கள். உப்பு அள்ள ஆளில்லாமல் பாத்தியிலேயே கிடந்தது. மேஸ்திரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு செல்வி சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள், இன்னொரு சொம்பு கேட்டாள். இந்த முறை ஆயிஷா திரும்பி நிற்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை உப்பு எடுப்பார்கள். தொப்பி, கண்ணாடி அவசியம். அனுமதி கேட்காமல் பாத்தியில் கால் வைக்காதீர்கள். பேனர் கொண்டு போகாதீர்கள், தயவுசெய்து. பிள்ளைகளிடம் பக்தி இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, அதற்கு நீங்கள் எதுவும் கற்றுத்தர வேண்டாம். கொடுப்பதற்கு முன்னால் கேட்க மட்டும் பழக்குங்கள். வாங்க மறுக்கிறவர்களிடம் ஏன் என்று இரண்டாம் தரம் கேட்கப் பழக்குங்கள்.

இந்த இடத்தில் மனம் நெகிழ்ந்து முடித்திருக்கலாம். முடியவில்லை. ஒரு பழைய திரை, நாலு கம்பு, இரண்டு பலகை. இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது, ஒரு பெண் இத்தனை வருஷம் தண்ணீர் குடிப்பதற்கு. முடியாத காரியமாக இருந்திருந்தால் கூட மன்னித்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை ஆயிஷாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, பத்து மணிக்கே கேன் எல்லாம் காலி. கார்த்திக் இன்னொரு நடை போயிருக்கான்."