எண்பத்திரண்டு கிலோ

என் அக்காவுக்குப் பேரம் பேசாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கத் தெரியாது. அதனால் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டி நான் மூச்சு விடவில்லை. "உன் முதுகுவலிக்கு ஆஸ்டியோபதின்னு ஒரு வைத்தியம் இருக்கு. எலும்பையும் தசையையும் கையாலயே பாத்துச் சரி பண்ணுவாங்க, வா" என்று மட்டும் சொல்லி இழுத்துப் போனேன்.

அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பதினெட்டு வருஷமாக நின்றே வேலை. ஆனால் முதுகைக் கெடுத்தது அது இல்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து மூன்று வருஷமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அக்காதான் தூக்குகிறாள். எண்பத்திரண்டு கிலோ மனிதர். ஆஸ்பத்திரியில் அக்காவின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, ஓய்வு எடுங்கள் என்றார்கள். எடுக்கலாம்தான், அவர்கள் வந்து தூக்குவதாக இருந்தால்.

போன மாதம் அத்தானே ஒரு பராமரிப்பு இல்லத்தின் விண்ணப்பத்தை வரவழைத்து, இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்தும் போட்டு நீட்டினார். அக்கா அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அவள் முதுகு தாங்கினால் அவர் வீட்டில் இருப்பார், தாங்காவிட்டால் அந்தத் தாள் வெளியே வரும். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

வைத்தியர் நாற்பது வயதுப் பெண். முதல் அரைமணி நேரம் கேள்விதான். தூக்கம் எப்படி, பிரசவம் எப்படி, சின்ன வயதில் எங்காவது விழுந்தீர்களா? அக்கா என் பக்கம் சாய்ந்து, "கேள்வி கேக்கறதுக்கா காசு?" என்றாள். பிறகு குனியச் சொல்லி, திரும்பச் சொல்லி, மேல்துணியை எடுக்கலாமா என்று கேட்டார். கூச்சமாக இருந்தால் வேண்டாம், தங்கை கூடவே இருக்கட்டும் என்றும் சொன்னார். நெட்டி முறிப்பது போல மடக்கென்று ஏதாவது செய்துவிடுவார் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். அவரோ அவள் தலைக்கடியில் இரண்டு கைகளையும் வைத்தார், அவ்வளவுதான்.

"தலையை என் கையில விடுங்க."

"விட்டுட்டேனே."

"இல்லைம்மா, நீங்கதான் பிடிச்சிட்டிருக்கீங்க."

"உங்க கை வலிக்குமேன்னு..."

"விறைச்சுப் பிடிச்சாத்தான் எனக்குக் கஷ்டம். முழுசா விட்டுட்டா சுலபமாத் தாங்கிடுவேன்."

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அவரும் இதைத்தான் பண்றாரு. தூக்கறப்பல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாயறாரு. எனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு... நான்தான் பிடிவாதம்னு திட்டித் தீர்த்துட்டேன்."

நானும்தான். அழுத்தக்காரர் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

வைத்தியர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அத்தானாக நடிக்கச் சொன்னார். அக்கா நெருங்கி நிற்க வேண்டும், அவள் முழங்கால் அத்தானின் முழங்காலுக்கு அண்டை கொடுக்க வேண்டும், அவர் முன்னால் சாய்ந்து அவள் தோளில் பாரத்தை விட வேண்டும். நான்கு தடவை செய்துகாட்டினார். "இது போதாது. தூக்க இன்னொரு ஆளும் வேணும். ரெண்டு நாளைக்கு வலி கூடினாலும் பயப்படாதீங்க" என்றார். சாயங்காலத்து மூன்று தடவையும் என் பொறுப்பு என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன்.

வரவேற்பு மேசையில், முதல் தடவை நேரம் அதிகம், அதனால் கட்டணமும் அதிகம், அடுத்ததிலிருந்து குறையும் என்றார்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிக் கட்டணம். அன்றைய கட்டணம் அக்காவின் நான்கு நாள் கூலி. இப்போது பேரத்தை ஆரம்பிப்பாள் என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கா அவரை ஒட்டி நின்றாள்.

"மூச்சை விடுங்க. என் தோள்ல சாயுங்க."

"உன் முதுகு..."

"சாயுங்கன்னு சொல்றேன்ல."

அவருடைய இடக்கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அது விரல் விரலாக விட நெடுநேரமாயிற்று. பிறகு மோவாய் அவள் தோளில் இறங்கியது. இருவரும் சேர்ந்து எழுந்தார்கள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் அக்கா அவரை உடனே உட்காரவைக்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, எழுந்து நிற்கையில் அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"கனக்குதா?" என்றார், அவள் தோளுக்குள்ளேயே.

"கனக்குது," என்றாள் அக்கா. "இருக்கட்டும்."