எதிர் வீட்டைப் பார்த்த கொலு

கொலுவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது என் யோசனைதான். எதிர் வீட்டு வங்காளி மாஷிமாவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாடிப்படி இறங்கக் கூடாது. லேக் கார்டன்ஸில் இந்தச் சந்துக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர் ஒரு கொலுவையும் தவறவிட்டதில்லை. வந்ததும் முதலில் சுண்டல், அப்புறம்தான் பொம்மை. இரண்டு பேர் வீடும் முதல் மாடி, நடுவே குறுகிய சந்து. "நீங்க வரவே வேண்டாம், கொலு உங்களைப் பார்த்து உட்காரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெற்றிலை பாக்குக்கு வந்த நம்மூர்ப் பெண்கள் பொம்மைகளின் முதுகைப் பார்த்துப் பாட வேண்டியதாயிற்று. "ஏன்டி, சாமிக்கெல்லாம் நம்ம மேல கோபமா?" என்றாள் ஒருத்தி. சிரித்து மழுப்பினேன்.

சப்தமி மாலை மழை விட்டு, ஊரே புழுங்கியது. பட்டுப்புடவைக்காரர்களுக்காக ஏசியை நன்றாகக் குளிர வைத்தோம். விளக்குகளைப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளை மூட்டம். எதிர் வீடே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் உன் சுண்டல் ஆவிதான்" என்றார் கணவர். எதற்கும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருப்பார். "சோப்பைத் தடவித் துடைச்சிடு, அப்புறம் ஆவி படியாது."

கொலுப்படிகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முழம் இடம். பட்டுப்புடவையோடு அதில் ஒண்டிக்கொண்டு சோப்பைத் தடவினேன், பழந்துணியால் துடைத்தேன். மூட்டம் அசையவில்லை. அடுப்பை அணைக்கச் சொன்னேன். கல்லுப்பு ஈரத்தை இழுக்கும் என்று ஒருத்தி சொல்ல, ஒரு கிண்ணம் உப்பைச் செட்டியார் பொம்மையின் கடையில் வைத்தோம். அங்கே அது பொருத்தமாகவே இருந்தது. மறுபடி துடைத்தேன். கை விட்டுப்போயிற்று, கோபம் போகவில்லை. கணவரைத் திட்டினேன், ஜன்னலைத் திட்டினேன். சுண்டலை மட்டும் விட்டுவைத்தேன்.

அப்போது போன் அடித்தது. மாஷிமா. நாங்கள் பேசுவது வங்க மொழியில். என்னை 'பௌமா' என்பார், மருமகளே என்று.

"பௌமா, உன் கை மட்டும் நிழலாத் தெரியுது, எவ்வளவு நேரம்தான் ஆட்டுவே? நானும் பதிலுக்கு ஆட்டி ஆட்டி, முட்டியோட இப்போ தோளும் போச்சு."

"நான் கை ஆட்டலை மாஷிமா, கண்ணாடியைத் துடைக்கிறேன்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "உள்ளே துடைச்சு என்ன பண்ண? தண்ணி வெளிப்பக்கம் வழியுது! ஏசி போட்டா எங்க வீட்டுக் கண்ணாடியும் இப்படித்தான். முதல்ல அதை நிறுத்து."

நிறுத்தினோம். பட்டுப்புடவைகளுக்குள் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது. எதிரே மாஷிமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கொடுத்தனுப்பிய சுண்டல் மடியில் அப்படியே இருந்தது. மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்து முடிக்கும்வரை அவர் அதைத் தொடவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் ஏசி போடவில்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விளக்கேற்றிவிட்டு அந்த ஒரு முழ இடத்தில் நுழைந்தேன். துடைக்க ஒன்றுமே இல்லாத கண்ணாடியை வெறுங்கையால் ஒரு தடவை துடைத்தேன். எதிரே, வலிக்கிற தோளோடு, அந்தக் கை எழுந்தது.