அப்பா செய்த ரப்பர் புஷ்

டொக், டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டொக். எங்கள் கார் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கி வருவதை தொழிலாளிகளின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் கண்ணால் காண்பதற்கு முன்பே இந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். "மாரிமுத்து அண்ணன் கட்டை தட்டிக்கிட்டு வர்றாருடா" என்று பொடிசுகள் கத்தும்போது எனக்கு அவமானத்தில் முகம் எரியும். எழுபதுகளின் நடுவில், மலேசியாவில் பீடோர் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளில் கார் வைத்திருந்தவர் என் அப்பா மட்டும்தான். மாற்றலாகி ஈப்போவுக்குப் போன ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, விட்டுச்சென்ற பழைய இங்கிலீஷ் கார் அது.

அப்பா அதைப் பவுசுக்காக வாங்கவில்லை. எனக்கு அடுத்த பிள்ளைக்கு அம்மாவுக்கு வலி எடுத்த அன்று தோட்டத்து லாரி ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அந்தக் குழந்தை லயத்து வீட்டிலேயே பிறந்து, அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. அடுத்த பிள்ளைக்கு யார் லாரிக்கும் காத்திருக்கப் போவதில்லை, தாப்பா ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். அம்மா மறுபடியும் உண்டாகி ஆறு மாதம் ஆனபோதுதான் இந்த டொக் டொக் ஆரம்பித்தது.

பீடோரில் பட்டறை வைத்திருந்த தம்புசாமி என்பவரை எல்லோரும் 'போர்மேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காருக்கு அடியில் படுத்துக் கம்பியால் நெம்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முன்சக்கரத்தைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு 'லோவர் ஆம்' என்று பெயர். அந்தக் கை காரோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்தான் 'புஷ்'.

"புஷ் கிழிஞ்சி ஆமும் தேஞ்சி போச்சு லா. ரெண்டு பக்கமும் முழுசா மாத்திரு மாரி. ஈப்போவுலேருந்து சாமான் வர ரெண்டு வாரம் ஆவும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரப்பரு எங்கேருந்து ஈப்போவுக்குப் போவுது? நாங்க அனுப்புனதயே நாங்க போயி வாங்கணுமா?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. உறைந்த பாலை உருளையில் அழுத்திச் சீட்டுச் சீட்டாகப் புகையில் தொங்கவிட்டு, தேன் நிறம் வந்ததும் எடுத்து அடுக்குவார். ஓரத்தில் வெட்டிப்போட்ட சீட்டுத் துண்டுகளை அவர் நீளநீளமாக நறுக்கி, அந்த மூட்டின் இரும்புத் தண்டைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே செலுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. சாயந்தரம் லயத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டியபோது சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. "மாரி அண்ணனுக்குத் தலையெல்லாம் மூளை" என்று ஆண்கள் முதுகில் தட்டினார்கள். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

பச்சை ரப்பரைக் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் அது டயராகும், புஷ்ஷாகும் என்பதும், வேகாத ரப்பர் சூட்டில் இளகும், எண்ணெய் பட்டால் கூழாகும் என்பதும் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெட்ட, உறையவைக்க, புகை போட, பெட்டியில் அடைக்கத் தெரிந்த ஜனங்களுக்கு, பெட்டி கப்பலேறிய பிறகு என்ன நடக்கிறது என்று யார் சொன்னார்கள்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரு மாதம் போயிருக்கும். காருக்கு அடியில் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில், இடியாப்ப உழக்கிலிருந்து பிதுங்கிய மாவைப்போல, பழுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்து வீட்டு லெட்சுமியும் அதைப் பிய்த்து உருட்டிப் பந்து செய்தோம். இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் பிதுங்கியது; அதையும் பிய்த்தோம். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயது, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பாவிடம் சொன்னால் பந்தைப் பிடுங்கிக்கொள்வார் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு காலை, பத்து மணி வாக்கில். பின்சீட்டில் அம்மாவும் லெட்சுமியின் அம்மாவும், முன்னால் அப்பா பக்கத்தில் நான். பெரிய ரோட்டோடு சேரும் இறக்கத்தில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்பியது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, யாரோ சக்கரத்தைப் பிடித்து இழுத்ததுபோல இடப்பக்கம் பாய்ந்து, ஓரத்து லொங்காங்கில், அந்த ஆழமான சாக்கடையில், மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது. அம்மா சீட்டிலிருந்து கீழே விழுந்தாள்.

லாரி நிற்காமல் போய்விட்டது. அப்பா அம்மாவைத் தூக்கிப் புல்லில் படுக்கவைத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, சாய்ந்த காரின் சக்கரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்த இரண்டு உள்ளங்கைகளிலும் பழுப்புப் பசை. அதைக் கால்சட்டையில் தேய்த்தார், புல்லில் தேய்த்தார், அது போகவில்லை. அந்தக் கையோடுதான் ரோட்டுக்கு ஓடி வண்டிகளை மறித்தார். காய்கறி ஏற்றிய வேன் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டபோது வெகுநேரம் ஆகியிருந்தது. தாப்பா ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அழவே இல்லை.

அடுத்த வாரமே அப்பா பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் புது ஆம் வாங்கிவந்தார். போர்மேன் அவற்றை மாட்டிவிட்டு, நாலு சக்கரமும் தரையில் உட்கார்ந்த பிறகே புஷ்ஷின் ஆணிகளைக் கடைசி முறுக்கு முறுக்கினார். தூக்கி வைத்தபடியே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அதன் பிறகு எண்பதுகளில் காரை விற்கும்வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா அடியில் படுத்துக் கம்பியால் நெம்பிப் பார்ப்பார். எழுந்து வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார். அம்மா "போதும், சாப்பிட வாங்க" என்பாள். எங்கள் வீட்டில் வேறு பிள்ளை பிறக்கவில்லை.

இப்போது அங்கே தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள், புகைக்கூடத்தின் செங்கல்லையும் யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செம்மண் சாலை தார்ச்சாலையாகி, அந்த லொங்காங் சிமெண்டு மூடிக்குக் கீழே ஓடுகிறது. லெட்சுமி எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

போன மாதம் ஈப்போவில் என் காருக்கு லோவர் ஆம் மாற்றவேண்டியிருந்தது. பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில், எழுபத்தேழு வயது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டறைப் பையன் பழைய புஷ்ஷைத் தூக்கிப் போட்டதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. பந்து உருட்டியதையும் சொல்லாமல் மறைத்ததையும் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு மொத வாரம் கோயிலுக்குப் போனப்பவே, பிரேக்கு புடிச்சா காரு எடது பக்கமா இழுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சிச்சு. அவரு பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டுனாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உசுரோட இருந்தப்ப, நம்ம ரெண்டு பேருல ஒருத்தராச்சும் அவருகிட்ட இதச் சொல்லியிருக்கலாம்."