வெங்கடலட்சுமி எடுக்க மறுத்த வரி

வெங்கடலட்சுமியோட மாரடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. எதைக் காட்டினாலும், "இது வேலை செய்யலன்னா இன்னா ஆவும்ணா?"ன்னு கேப்பா. லிஃப்டுல ஏறினாலும் அதே கேள்வி, ஷேர் ஆட்டோல ஏறினாலும் அதே கேள்வி. வீடு நகரியில, நாலு பவர்லூம் ஓடுற வீடு. பாவுல ஒரு நூல் அறுந்தாக்கூட தறி தானா நின்னுடும். "அறுந்தது தறிக்கு எப்படித் தெரியுது?"ன்னு சின்ன வயசுலயே நைனாவை நச்சரிச்சு வாங்கிக் கட்டிக்கினவ. திருப்பதியில படிச்சு, பெங்களூர்ல அஞ்சு வருசம் புரோகிராம் எழுதிட்டு, 2009ல ரேணிகுண்டாவுல எங்க கம்பெனிக்கு வந்தா.

நான் கங்கையா, அங்க கான்ட்ராக்ட் ஆபரேட்டர். புதுசா வந்த ரோபோ கை மேலருந்து எறங்கி பெட்டிய அமுக்கி மூடும். பெட்டிய அதுக்கு அடியில வைக்கிறது என் கை. மேல ஒரு கேமரா. என் கை வெளிய வந்துடுச்சுன்னு அது தெளிவாப் பார்த்தாத்தான் ரோபோ எறங்கும், சந்தேகம்னா எறங்காது. அந்த வரிய புரோகிராம்ல எழுதினவ வெங்கடலட்சுமிதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலைல ரோபோ எறங்கவே இல்ல. பத்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூர்லருந்து ஒரு பெரிய பார்ட்டி பார்க்க வராங்க. அவங்க ஆர்டர் கெடச்சாத்தான் எங்களைப் பர்மனென்ட் பண்ணுவாங்க. மேனேஜர் வேதாச்சலம் சார் தலையில அடிச்சிக்கினு, "அந்த வரிய எடுத்துடும்மா. அவங்க போனதும் போட்டுக்கலாம்"னாரு.

"ஏன் நிக்குதுன்னு தெரியாம எடுக்கமாட்டேன் சார்."

எனக்கு வந்துதே கோவம்! "தோ பாரு, கை என்னுது. நானே சொல்றேன், எடு! ஆறு வருசமா பர்மனென்டுக்குக் காத்துக்கினு கீறேன்"னு கத்தினேன்.

அவ என் கிளவுஸ வாங்கி, உள்ள வேஸ்ட் துணிய அடைச்சு, நான் கை வைக்கிற எடத்துல வச்சா. எங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, வரிய எடுத்துட்டு ஓட்டினா. ரோபோ சர்ருன்னு எறங்குச்சு. கிளவுஸ் சப்பையாப் போச்சு. விரல் எடத்துல தையல் பிஞ்சு துணி பிதுங்கிக்கினு வந்துது.

வரிய திரும்பப் போட்டுட்டு, ஒயரு, சுவிட்சு, லைட்டுன்னு ஒவ்வொண்ணா பார்த்துக்கினே வந்தா. பதினோரு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி கேமராவைப் பார்த்தவ சிரிச்சுட்டா.

"அண்ணா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

ஐயோ, நான்தான்! எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சுக்கினு வந்தேன். கேமரா கண்ணாடி வட்டமா நெத்தி மாதிரி இருந்துச்சா, பக்தியா நட்டநடுவுல அப்பிட்டேன்.

தொடைச்சதும் ஓடுச்சு. அதுக்குள்ள பார்ட்டிக்காரங்க காபி குடிச்சிட்டு கெளம்பிட்டாங்க. ஆர்டர் போச்சு, பர்மனென்டும் போச்சு.

மெஷின் நின்னா காரணம் எழுதுறதுக்கு அவகிட்ட ஒரு நோட்டு கீது. என் பேரை எழுதியிருப்பான்னு பயந்துக்கினே எட்டிப் பார்த்தேன். "ரோபோவுக்கு நிக்கத் தெரிஞ்சுது. ஏன் நின்னோம்னு சொல்லத் தெரியல. கண்ணாடி மறைஞ்சா சொல்ற மாதிரி நான் எழுதியிருக்கணும்"னு எழுதி, கீழ அவ பேரைப் போட்டிருந்தா.

மத்தியானம் கேன்டீன்ல ஒருத்தரும் அவகூட உக்காரல. நான் தட்டத் தூக்கிக்கினு போயி அவ எதிர்ல உக்காந்தேன். மூஞ்சியப் பார்க்க வெக்கமா இருந்துது. தலையக் குனிஞ்சுக்கினு, சாம்பார் சோத்த அஞ்சு விரலாலயும் பிசைஞ்சு துன்னேன்.