கடைசி வரியை முதலில் படித்த மேரி டீச்சர்

மேரி டீச்சரின் தங்கை ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். நீங்க அவசரப்பட்டு வண்டிய ஓட்டிக்கினு வராதீங்க. அடக்கம் நாளைக்குத்தான்" என்றார். துக்கச் செய்தியோடு அந்த எச்சரிக்கையையும் ஏன் சேர்த்துச் சொன்னார் என்பது முழுதாக மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது இரண்டு பேருக்கு.

அமலோற்பவ மேரியை உங்களில் பலர் திண்டிவனம் தட்டச்சுப் பள்ளியில் அறிந்திருப்பீர்கள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் விரல் எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வார். எங்கள் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைப் பழக்கிக் கொடுக்க நான் அவரைத்தான் அழைத்தேன். எண்பதுகளின் பிற்பாதி அது. இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது.

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் மச்சான் விடுமுறையில் வந்தபோது, கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பிளாப்பி ஒன்றையும், காலாவதியான அப்ரோச் சார்ட்டுகளின் புத்தகம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் வரும் விமானி ஓடுதளத்தைக் கண்டுபிடித்து இறங்குவதற்கான ஒற்றைப் பக்கப் படம்தான் அப்ரோச் சார்ட். மேலே வழி. அதன் கீழே, படிப்படியாக இறங்க வேண்டிய உயரங்கள். அடியில் ஒரு கட்டம்: ஓடுதளம் கண்ணில் படாத வரை இந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அது சொல்லும். சிறிய விமானத்துக்கு ஓர் எண், பெரியதற்கு வேறோர் எண். குறித்த நிமிடம் முடிந்தும் ஓடுதளம் தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறித் திரும்ப வேண்டும் என்பதற்குக் கடைசியில் தனியாக ஒரு வரி.

எனக்கு அந்தப் பக்கம் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. டீச்சர் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். விமானத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் கட்டம் போட்ட எந்தத் தாளானாலும், எந்த எண் எதோடு சேரும் என்று கண்டுபிடித்துவிடுவார். நாலாவது ஞாயிறு நான் கீபோர்டில் விமானத்தை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சார்ட்டைப் படித்தார். படிக்கத் தொடங்கியது அந்தத் தனி வரியிலிருந்து.

"எறங்கறதுக்கு முன்னாடியே திரும்பறதப் படிக்கிறீங்களே டீச்சர்" என்றேன்.

"திரும்ப வேண்டிய நேரத்துல படிக்க நேரம் இருக்காது சார். இப்பவே படிச்சி வெச்சிக்குவோம்."

என் அப்பா மில்லிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று பார்ப்பார். "எறங்கியாச்சா டீச்சர்?" என்று கேட்பார். "இன்னும் மேகத்துலதாங்க இருக்கோம்" என்பார் டீச்சர். அப்பா மில்லுக்குத் திரும்பிப் போவார்.

ஒரு ஞாயிறு மேகத்தை மிகவும் தாழ்வாக வைத்துப் பறந்தோம். குறைந்தபட்ச உயரம் எழுநூறு அடி. ஸ்டாப்வாட்ச் ஓடியது. நேரம் முடிந்ததும் டீச்சர், "தெரியல, ஏறுங்க" என்றார். நான் ஏறவில்லை. அறுநூறு, ஐந்நூறு என்று இறக்கிக்கொண்டே போனேன். முந்நூறில் பச்சைத் திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டது. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டிருந்தார்.

"எறங்கிட்டீங்க சார். பார்த்து எறங்கல."

அந்த ஆண்டு கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. அப்பா விதை மல்லாட்டை பார்க்கக் கண்டாச்சிபுரம் போனவர், அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டெல்லா அங்கே நர்ஸ். மதியம் மூன்று மணிக்கு மில்லுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. டீச்சர்தான் எடுத்தார். "சார ஜல்தியா கெளம்பச் சொல்லுக்கா. அவரையே கேட்டுக்கினு இருக்காரு."

மில்லின் அம்பாசடரை நான் எடுத்தேன். தங்கையோடு பேச ஆள் வேண்டுமென்று டீச்சரும் முன்சீட்டில் ஏறினார். விக்கிரவாண்டிக்கு முன்பே சாலையில் ஒரு புளியமரம் விழுந்து, லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு கிராமத்துக் குறுக்குச் சாலையில் திருப்பினேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வைப்பர் தள்ளத் தள்ள கண்ணாடி மூடிக்கொண்டது. இரண்டு மைல் போனதும் தரைப்பாலம் வந்தது. அதன் மேல் செந்நிறத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த கற்கள் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

டீச்சர் என் கையைத் தொடாமல், கியரின் மேல் தன் கையை வைத்தார். "சார், அடுத்த கல்லு தெரியுற வரைக்கும் போவோம். தெரியலன்னா திரும்பிடணும். உள்ள போறதுக்கு முன்னாடி பேசிக்குவோம்."

"சரி" என்றேன்.

முதல் கல், இரண்டாவது கல், மூன்றாவது கல். தண்ணீர் கதவின் அடியில் இடித்தது. காலடியில் ஈரம் ஏறியது. எஞ்சின் ஒருமுறை திணறியது. எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"கல்லு தெரியல சார்."

"இன்னும் கொஞ்சம் போனா தெரியும்."

"பேசிக்கினோம் சார். திரும்புங்க."

ரிவர்ஸில் எடுத்தேன். பின்சக்கரம் ஒருமுறை வழுக்கி, வண்டியின் பின்புறம் ஓரத்துக்கு நகர்ந்தது. டீச்சர் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "லெஃப்ட்ல கல்லு இருக்கு, நேரா வாங்க, நேரா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கரை ஏறியதும் வண்டியை நிறுத்தினேன்.

அப்போதுதான் ஒரு கரும்பு லாரி எங்களைத் தாண்டிப் போனது. நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. மெதுவாகப் போய், அந்தப் பக்கம் ஏறியது. அதன் சிவப்பு விளக்கை நான் கண்ணால் பார்த்தேன்.

"அது போயிடுச்சே" என்று கியரைப் போட்டேன். டீச்சர் சாவியைத் திருகி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அது ஒசரம் வேற, நம்ம ஒசரம் வேற."

"குடுங்க டீச்சர்."

"மாட்டேன் சார்."

 பிறகு, "ரயில் ஸ்டேஷனுக்குப் போறதா இருந்தா தர்றேன்" என்றார். திண்டிவனம் திரும்பி, எப்போதோ வர வேண்டிய ரயிலுக்காக இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு வாசலிலேயே ஸ்டெல்லா நின்றிருந்தார். ஆறு மணிக்கே முடிந்துவிட்டது என்றார். "ரெண்டு தடவ கேட்டாரு சார், வந்துட்டானான்னு."

ஓமந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பாவை எடுத்தோம். டீச்சரும் ஸ்டெல்லாவும் மாலையோடு வந்து பந்தலின் ஓரத்தில் நின்றார்கள். என் சித்தப்பா எல்லார் காதிலும் விழும்படி பேசினார். "காலனியில கெடக்குறதுங்கள காருல முன்சீட்டுல ஒக்கார வெச்சிக்கினு போனா இப்படித்தான். அதுங்க பேச்சக் கேட்டு, பெத்த அப்பன் மூஞ்சியப் பார்க்காம வுட்டான்." டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மாலையை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு டீச்சர் மில்லுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடமும் அந்த லாரி என் தலைக்குள் பாலத்தைக் கடந்துகொண்டே இருந்தது. அது கடந்தது என்றால் நானும் கடந்திருப்பேன். கடந்திருந்தால் அப்பாவைப் பார்த்திருப்பேன். தண்ணீர் வடிந்த பிறகு அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாலாவது கல் இருந்த இடத்தில் பாலத்தின் ஓரம் இற்றுப்போயிருந்தது. அது நாங்கள் போனபோதே இற்றிருந்ததா, லாரி போன பிறகு இற்றதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாராவது ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காலை டீச்சர் தானாகவே மில்லுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திரும்பினது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்கப்பாவ நீங்க கடைசியாப் பார்க்க முடியாமப் போனது என்னாலதான். ஒண்ண மட்டும் சொல்லிக்கினு இன்னொண்ண வுட்டுட்டு இருக்க முடியல. சொல்லிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீ வந்தது. தூசி மூடிக்கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டேன். அன்று அவர் படிக்க, நான் பறந்தேன். இரண்டு முறை ஓடுதளம் தெரியவில்லை. இரண்டு முறையும் ஏறித் திரும்பினேன். நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருந்தது. நான் சொல்லவில்லை. அதன் பின் வந்த ஆண்டுகளிலும், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளிலும் சொல்லவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் ஸ்டெல்லா வீட்டில் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையில்தான் இருந்தார், குரல் மட்டும் தெளிவாக இருந்தது. ஸ்டெல்லா உள்ளே போனதும் சொன்னேன். "அன்னைக்குப் பந்தல்ல எங்க சித்தப்பா பேசினப்ப, நான் வாய மூடிக்கினு நின்னேன் டீச்சர். அது தப்பு."

"தெரியும் சார்" என்றார். "பார்த்துக்கினுதான இருந்தேன்."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என்னை ஆறுதல்படுத்தச் சொன்னதாக மட்டுமே இருந்திருக்கும். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கிளம்பும்போது, "மழ வர்ற மாதிரி இருக்கு, பார்த்துப் போங்க" என்றார்.

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்த "தெரியும்" மட்டும்தான். மன்னிப்பு அதில் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை இருந்ததாக எழுத, அவரோடு உட்கார்ந்து பழகிய எனக்குக் கை வரவில்லை.