பெண்கள் பக்கத்துக் கேமரா

பொட்டல்புதூரில் ஒரு நிக்காஹ். பெண்கள் மட்டும் இருக்கிற அறையில், மாப்பிள்ளையின் அக்கா மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேமராப் பொத்தானை அழுத்தினேன். படத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை. மறுபடி அழுத்தினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். கண்ணை வைத்துப் பார்க்கிற இடம் முழுக்க இருட்டு. கேமரா நின்றுவிட்டது.

கட்டியவள் திரும்பி, "படம் விழுந்துட்டாக்கா? இல்லைன்னா இன்னொருக்கா கட்டட்டுமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பையிலிருந்து செல்போனை எடுத்து, மீதிக் கல்யாணத்தை அதிலேயே எடுத்து முடித்தேன். பெண்ணின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் திரும்பி வருகிற ஆட்டோவில், செத்த கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு நிம்மதி வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

அம்பாசமுத்திரத்தில் என் கணவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முஸ்லிம் வீட்டில், பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்டார்கள். "ஒரே ஒரு கல்யாணம்ட்டி. போயிட்டு வந்துரு" என்றார் அவர். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். படங்கள் நன்றாக வந்துவிட்டன. வினை அங்கேதான். அடுத்த மாதமே மூன்று வீடுகள். அப்புறம் கடையம், ரவணசமுத்திரம், ஏர்வாடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வலது தோள் போயிற்று. என் தங்கையின் வளைகாப்புக்கும் நான்தான் படமெடுத்தேன். எல்லாரும் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் அவள் சொன்னாள்: "நீ எனக்கு வளையல் போடவே இல்லையேக்கா." தட்டில் மிச்சம் கிடந்த வளையல்கள் அவள் கைக்கு அளவு சேரவில்லை.

பொட்டல்புதூர்க் கல்யாணத்துக்கு மறுநாள் நானும் அவரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். ஜங்ஷனில் ஒரு மாடியில் கேமரா பழுதுபார்க்கிற அண்ணாச்சி இருக்கிறார், பழக்கமானவர். லென்ஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஷட்டர் தேஞ்சு போயிட்டு, தங்கச்சி. இந்த மாடலுக்குப் புது ஷட்டர் வாரது நின்னுட்டு. எங்கிட்ட ஒரு உடைஞ்ச கேமரா கெடக்கு. அதுலேருந்து கழத்திப் போடலாம். ஒரு வருசம் ஓடும். அதுக்கு மேல ஓடுனா உங்க யோகம்."

"புதுசு வாங்கிட்டா?" என்றார் என் கணவர்.

"புதுசு வேற தினுசுல்லா. உங்க லென்ஸ் அதுல நேரா மாட்டாது, பேட்டரியும் சேராது. எல்லாத்தையும் மாத்தணும். மாத்திட்டியன்னா பத்து வருசத்துக்குக் கவலை இல்லை."

இன்னும் பத்து வருஷமா என்று இருந்தது எனக்கு. அவர்கள் இரண்டு பேரும் எது நல்லது என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும் வேண்டாம்னா?" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "ரெண்டும் வேண்டாம்னா கையால வரைஞ்சா குடுப்பே? அடுத்த மாசம் ஆறு வீடு இருக்கு."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கேமரா போச்சேன்னு மனசை விட்டுறாதிய, தங்கச்சி. நம்ம பக்கத்துல ஒரு பொம்பளை இப்படித் தனியா நின்னு படமெடுக்குதது பெரிய விசயம். எம் மவகிட்ட உங்களத்தான் சொல்லுதேன்."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அவரிடம் போய் எனக்கு இது போதும் என்று எப்படிச் சொல்வது?

"பழைய ஷட்டரையே போட்டிருங்க அண்ணாச்சி" என்றேன். சிக்கனமாக முடிவெடுத்தேன் என்று என் கணவருக்குச் சந்தோஷம். என் யோசனை வேறு. ஒரு வருஷத்தில் அதுவாக நின்றுவிட்டால், நான் எதையும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் போனது. கேமரா நிற்கவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கறுப்புப் பட்டையை எதிர்பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணின் நல்ல நாள் கெட்டுப்போகட்டும் என்று காத்திருக்கிறோமே என்று என்மீதே அருவருப்பாக இருந்தது. ஒரு மத்தியானம், ஸ்டுடியோவில் ஆல்பத்துக்குப் படம் பிரிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"எனக்கு இது போதுங்க. ரொம்ப நாளாவே போதும்."

அவர் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தார். "அன்னைக்கு ஜங்ஷன்ல ரெண்டும் வேண்டாம்னியே, அது இதானா?"

"ஆமா."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லுதேன்னுல்லா நெனைச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது இந்த வேலையை விட்டிருப்பேன். மெனக்கெட்டு வேறு பெண்ணைத் தேடினார். கல்லூரி முடித்த ஒருத்தி வந்தாள். நான்கு கல்யாணம் எடுத்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடவில்லை, நேரே என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கு முடியாது என்றேன். மூன்றாவதாகக் கூப்பிட்ட அம்மா, "ஆம்பளை வந்தா எம் புள்ளை மேடைக்கே வர மாட்டா. ஒரு படம்கூட இல்லாமப் போயிருமே" என்று அழுதார். போனேன்.

வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று இப்போது பேசி வைத்திருக்கிறோம். அவர் தேடுகிறார், அது பொய்யில்லை. நேற்றுக் கடையத்தில் மணப்பெண், தலை நிறையப் பூவோடு குனிந்து என்னிடம், "அக்கா, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். காலையிலிருந்து ஒரு காபிதான்.

"ஆச்சும்மா" என்றேன். "கொஞ்சம் இங்கன திரும்பு."