பாலத்தின் எந்தப் பக்கம்

நான் வேலைக்குப் போகும் வழியில் ஓர் ஆறு. அதன் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம். பாலத்தின் நடுவில், அடுத்த மாநிலம் உங்களை வரவேற்கிறது என்று ஒரு பச்சைப் பலகை தொங்குகிறது. அந்தப் பலகையைத் தாண்டினால் நான் யாரையும் கேட்காமல் மருந்து எழுதலாம். தாண்டுவதற்கு முன்னால், ஒரு டாக்டர் எனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் எழுதலாம். எங்கள் கிளினிக்குக்கு இரண்டு கரையிலும் கிளை உண்டு. வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. அதே படிப்பு, அதே ஸ்டெதஸ்கோப், அதே நான். அமெரிக்காவில் என் வேலைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர். நர்ஸ் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. வந்த புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது அலுப்பாக இருக்கிறது.

திண்டிவனத்துக்காரிக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லைதான். திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வேன், ஊருக்கு வராமல் பாண்டிச்சேரி எல்லைப் பக்கம் திரும்புவதையும், உள்ளே இருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றுவதையும் பார்த்து வளர்ந்தவள் நான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டில் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. தாண்டி எடுத்து வந்தால் போலீஸ். ஆனால் அங்கே பாட்டிலைத்தான் பிடிப்பார்கள். இங்கே என் கையைப் பிடிக்கிறார்கள்.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் கிழவர் ஒருவர், அந்தக் கரையில் நான் எழுதிய மாத்திரையை இந்தக் கரையில் புதுப்பிக்கச் சொன்னார். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் ஓய்வு பெற்று, அடுத்தவர் வராமல் இருந்த நேரம் அது. முடியாது என்றேன். "பாலத்தைத் தாண்டும்போது படித்ததெல்லாம் மறந்துவிடுமா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, ஆமாம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய், ஞாபகசக்தி நன்றாக உள்ள ஆளாகப் பார்த்து எனக்கு நேரம் கொடுங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டாராம். அன்று முழுக்க அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இங்கே வருவதற்கு முன்னால் முகையூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்சாக இருந்தேன். டாக்டர் கிளம்பிய பிறகு வருகிற பிரசவம், பாம்புக்கடி, மூச்சுத் திணறல் எல்லாம் முதலில் என் தலையில்தான் விழும். போனில் அவர் சொல்வார், நான் செய்வேன். பல நேரம் நான் செய்து முடித்திருப்பேன், அவர் சரி என்பார். குழந்தை அழுதால் டாக்டருக்குப் புண்ணியம், அழாவிட்டால் நர்சுக்குத் திட்டு. சட்டத்தில் எனக்கு ஒரு மாத்திரை எழுதக்கூட இடம் கிடையாது. மருந்து எழுதும் உரிமை ஒருநாள் கிடைக்கும் என்றுதான் கடல் தாண்டி வந்து, மறுபடி படித்து, மறுபடி பரீட்சை எழுதினேன். கிடைத்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார் அம்மா, தம்பி ராஜாவோடு. சந்தோஷத்தில் பாலத்தின் கதையையும் சொல்லித் தொலைத்தேன். அம்மா அதை ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்துக்கொண்டார்.

போன மல்லாட்டை அறுவடையில், கடலைக்கொடி பிடுங்கும்போது, அம்மா காலில் வேலிக்காத்தான் முள் ஏறியது. சர்க்கரை உள்ள கால். மரத்துப் போயிருந்ததால் ஏறியதே தெரியவில்லை. வீடியோ காலில் பார்த்தபோது விரலுக்கு அடியில் கறுத்திருந்தது.

"யம்மா, ராஜாவைக் கூட்டிக்கினு ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? நீயே ஒரு மாத்திரை பேர் சொல்லு. திண்டிவனம் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே குடுப்பான்."

"நான் சொல்லக் கூடாதும்மா."

"ஓ, இந்தப் பக்கம் இருக்கியா? சரி, அந்தப் பக்கம் போய்க்கினு கூப்புடு."

மறுநாள் நான் எழுதும் கரைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவரே கூப்பிட்டார். அந்தக் கரையில் எழுதும் உரிமைக்கும் ஒலக்கூருக்கும் சம்பந்தமில்லை என்று எப்படிப் புரியவைப்பது? அது மட்டுமல்ல. பேர் சொன்னால் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விடுவார். புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அதற்குக் கை வேண்டும். முடியாது என்றேன்.

"ஊருக்கெல்லாம் எழுதறே. பெத்தவளுக்கு எழுத மாட்டியா?" என்று போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவேயில்லை. துணியைக் கட்டிக்கொண்டு நடக்கிறார், சொன்னால் எரிந்து விழுகிறார் என்றான் ராஜா. அந்த நாட்களில் நான் யாருக்கு மருந்து எழுதினாலும் கை கூசியது.

காய்ச்சல் வந்த பிறகுதான் ராஜாவால் அம்மாவைத் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக முடிந்தது. அங்கே சாயங்காலம், எனக்குக் காலை. வேலைக்குக் கிளம்பி, பாலத்துக்கு முன்னால் உள்ள பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். ராஜாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது, பேசியது ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் இங்க ஸ்டாஃப் நர்சுங்க. டாக்டர் ஓ.பி. முடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. போன்ல கேட்டேன், காலையில பாக்கறேன்னாரு. எனக்கு மனசு ஒப்பலக்கா. கால் சூடா இருக்குது, செவப்பு மேல ஏறிக்கினு வருது. இப்பவே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நல்லது. நான் சொன்னா அம்மா கேக்க மாட்றாங்க. நீ நர்சுதானேன்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முகையூரில் அந்த வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். அம்மா வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

"நீ சொல்றது சரிம்மா. போனை எங்கம்மாகிட்ட குடு," என்றேன்.

"யம்மா, அந்தப் பொண்ணு சொல்றதுதான் நான் சொல்றதும். வண்டி ஏறு."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சலிலும் விடவில்லை. "நீ இப்ப எந்தப் பக்கம் இருக்கே?"

பாலம் எனக்கு முன்னால் இருந்தது. நான் இன்னும் ஏறவில்லை.

"எழுதற பக்கம்தாம்மா. வந்துட்டேன்."

"அப்பச் சரி," என்றார். வண்டி ஏறினார்.

விழுப்புரத்தில் ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்களாம். அந்த நர்ஸ் பெண்ணை ராஜா பிறகு போய்ப் பார்த்து நன்றி சொன்னான். டாக்டர் பேச்சை மீறி நோயாளியை அனுப்பியதற்கு அவளுக்குத்தான் அங்கே பேஜாராகிவிட்டதாம். சொல்லும்போதும் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், அந்த வயதில்.

அம்மாவின் கணக்கு வேறு. "மொதநாளே நீ ஒரு மாத்திரை சொல்லியிருந்தா என் வெரல் இருந்திருக்கும்," என்கிறார். மாத்திரையால் ஆகியிருக்காது என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். கேட்டுக்கொள்வார். அடுத்த முறையும் அதையேதான் சொல்வார். இப்போது நானும் மறுப்பதில்லை.

மாத்திரை கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். வலி என்றால் என்னிடம் சொல்வதில்லை, ராஜா சொல்லித்தான் தெரியும். ஆனால் பக்கம் கேட்கும் பழக்கம் போகவில்லை. போன வாரம் காலையில் பாலத்தில் ஏறும்போது கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எந்தப் பக்கம் இருக்கே?"

"பாலத்து மேல, யம்மா. நடுவுல."

போனில் மல்லாட்டை உரிக்கும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் இருந்து இன்னா?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "என் காலைத் தொட்டுப் பாக்கற பக்கத்துல நீ இல்லியே."

பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. பச்சைப் பலகை தலைக்கு மேல் கடந்து போனது. மருந்து எழுதும் அதிகாரம் எனக்கு வந்துவிட்டது.